முந்திரி பிஸ்கட் டப்பாவின் மூடி

சிறுநீரகக் கல் இருப்பதால் முந்திரி பிஸ்கட் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை நான் சட்டை செய்ததில்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் பேக்கரிக்காரர்தான் என்னை மிரள வைத்தார். அவருக்கும் கல் உண்டு. இரண்டு முறை நான் பிஸ்கட் கேட்டபோது டப்பாவை மூடிவிட்டு, "இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்றார். இரண்டு முறையும் இருட்டுவதற்குள் வலி வந்து தரையில் உருண்டேன்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"நீங்க நிக்குததப் பாத்தாலே தெரியுதுல்லா."

போன வாரம் வேண்டுமென்றே நிமிர்ந்து நின்று கேட்டேன். அவர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் டப்பாவை மூடினார். எரிச்சலில் வேறு கடையில் வாங்கித் தின்றுகொண்டே திருவேங்கடம் பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் நகர்ந்தபோது அவர் கடைவாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை எப்போது இடுப்புக்குப் போனது என்று எனக்குத் தெரியவில்லை.