திருகோணமலைக்குப் போகவேண்டிய சட்டை

வெள்ளிக்கிழமை பத்து மணிபோல யசிந்தாவின் போன் அடித்தது. அட்டனிலிருந்து சுதர்ஷினி.

"அக்கா, பார்சல் வந்துருச்சி. ஆனா சட்டை எம்புள்ளைக்குத் தோள்லயே நிக்க மாட்டேங்குது. ஞாயித்துக்கெழம நன்மை வாங்கப்போற புள்ளக்கா."

யசிந்தா ஓடர் எழுதும் கொப்பியை எடுத்துப் புரட்டினாள். வங்காலையில் வீட்டு முன்னறையில், கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்கு முதல் நன்மைச் சட்டைகள் தைத்து, பேஸ்புக்கில் விற்கத் தொடங்கி நாலு வருடம். கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் ஏழு வருடம் வேலை செய்த கை. தையல் ஒன்றும் கோணாது. முதல் வருடம் ஊருக்குள்ளேயே மூன்று சட்டை. இந்த வருடம் மட்டக்களப்பு, நீர்கொழும்பு, மலைநாடு என்று நாற்பத்தொன்று. வந்த ஓடர் ஒன்றையும் வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை, கூரியர் வான் வாசலில் ஹோர்ன் அடிக்க அடிக்க, பன்னிரண்டு பார்சலை ஒரே மேசையில் போட்டு விலாசம் ஒட்டினாள்.

அட்டனுக்குப் போனது திருகோணமலை றொஷேலின் மகளுக்குத் தைத்தது. அந்தப் பிள்ளை ஒன்பது வயதில் நெடுநெடுவென்று வளர்ந்தவள். உடனே றொஷேலுக்கு எடுத்தாள்.

"அக்கா, பார்சலை ஒருக்காப் பிரிச்சுப் பாருங்கோ."

பார்சலைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இதென்ன, பொம்மைக்கோ தைச்சனீங்கள்?" போன் வைக்கப்பட்டது.

மீன்பிடித்துக் கடலால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த புருசன் றொஷான் நிமிர்ந்தான். "கூரியர்காரர் மாத்திப்போட்டினம் எண்டு சொல்லன்."

அந்தப் பொய் அவளுக்கும் வாய்வரைக்கும் வந்துதான் நின்றது. "விலாசத்தில கிடக்கிறது என்ர கையெழுத்தப்பா," என்றாள்.

பெரியதைச் சிறிதாக்கலாம், சிறியதைப் பெரிதாக்க ஏலாது. வீடியோவில் சுதர்ஷினியை எடுத்தாள்.

"தங்கச்சி, பக்கத்துத் தையலையும் தோள் தையலையும் மட்டும் பிரியுங்கோ. பிறகு உள்ளுக்க மடிச்சு ஊசி நூலால தைப்பம். கழுத்தில கை வைக்க வேண்டாம்."

"கிழிஞ்சிருமோன்னு பயமா இருக்குக்கா."

"கிழியாது. நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

நடுவில் இரண்டு தரம் சிக்னல் அறுந்தது. அந்த நேரம் யசிந்தா கதிரையில் இருக்கமுடியாமல் எழும்பி நின்றாள். ஒன்றரை மணித்தியாலம் கழித்து அந்தச் சின்னப் பிள்ளை சட்டையோடு சுற்றிக் காட்டினாள். இடப்பக்கம் கொஞ்சம் சுருங்கி இருந்தது. ஆனால் தோளில் நின்றது.

பிறகு, அதே ஞாயிறு நன்மை வாங்கப்போகிற றொஷேலின் மகளுக்குப் புதுச் சட்டை தைக்க மெசினில் குந்தினாள். லேஸ் முடிந்திருந்தது. படம் எடுத்துப் போடவென்று வைத்திருந்த மாதிரிச் சட்டையை வெட்டி, அதன் லேஸை எடுத்தாள். சனிக்கிழமை காலமை கடைசிப் பொத்தானைத் தைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். வவுனியாவில் மாறி ஏறியபோது இருக்க இடமில்லை. சட்டைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஹொறவப்பொத்தானையில் டயர் மாற்ற முக்கால் மணித்தியாலம். நாலு தரம் எடுத்தும் றொஷேல் போன் தூக்கவில்லை. கதவைத் திறப்பாளோ என்பதே தெரியாமல் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி.

றொஷேல் திறந்தாள். 'வாங்கோ' என்ற சொல் வரவில்லை. பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். யசிந்தா கேற்றடியில் நின்றாள். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடவில்லை.

பிள்ளை சட்டையோடு வெளியே ஓடிவந்தாள். அளவு சரி. கீழ் விளிம்பு மட்டும் ஒரு அங்குலம் கட்டை.

"நேற்று முழுக்க இவள் சாப்பிடேல்ல," என்றாள் றொஷேல்.

"பிழை என்னில அக்கா. விலாசத்தை நான்தான் மாத்தி ஒட்டினனான்."

றொஷேல் அவள் முகத்தையே பார்த்தாள். "தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

திங்கட்கிழமை பேஸ்புக் பக்கத்தில் றொஷேல் எழுதியிருந்தாள்: 'சட்டை நல்ல வடிவு. ஆனால் கடைசி நேரத்தில் எங்களை அழவைத்துப்போட்டினம்.' அழித்துவிடச் சொன்னான் றொஷான். யசிந்தா அழிக்கவில்லை, நடந்ததை அப்படியே கீழே எழுதினாள். அந்தக் கிழமை நாலு ஓடர் நின்றுபோனது.

அடுத்த வருடம் ஒரு நேரத்தில் ஒரு பார்சல்தான் மேசைக்கு வந்தது. சட்டையையும் விலாசத்தையும் சேர்த்துப் படம் எடுத்து, உரியவருக்கு அனுப்பி, அவர் ஓம் என்ற பிறகே ஒட்டினாள். இருபத்தைந்துக்கு மேல் ஓடர் எடுப்பதில்லை என்றும் சொல்லிவிட்டாள். இருபத்தாறாவதாக வந்து கேட்டவள் றொஷானின் சொந்த மச்சாள். அவள் இன்னும் யசிந்தாவோடு கதைப்பதில்லை.