எண்பதோடு நின்ற சார்ஜர்

பேட்டரி டாக்டர் என்றால் அந்தக் கடைவீதியில் எல்லோருக்கும் தெரியும். பட்டம் அவராகச் சூட்டிக்கொண்டதில்லை. ஆனால் யாராவது அப்படிக் கூப்பிட்டால் காதில் தேன் பாயும். மின்சார வண்டிகளின் பேட்டரியைப் பிரித்து, செத்துப்போன செல்லைக் கழற்றி, வேறு செல் வைத்துக் கட்டித்தருவது அவர் தொழில். கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். வருகிறவர்களை நிற்கவைத்துப் பாடம் எடுப்பார். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதே, ஒரேயடியாகக் காலியாகவிடாதே, முக்கியமாக, வயிறு முட்ட ஏற்றாதே. நூற்றுக்கு எண்பது ஏறியதும் பிடுங்கிவிட்டால் பேட்டரி கூடுதலாகச் சில வருஷம் உழைக்கும். கேட்டவர்கள் பயபக்தியோடு தலையாட்டிவிட்டுப் போய், விடிய விடியச் செருகி வைப்பார்கள். அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சொன்னால் நம்பாதவர்களுக்குக் கண்ணால் காட்ட அவரிடம் ஒரு வண்டி இருந்தது. அவர் மனைவியின் வண்டி. அவள் வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, கை கால் பிடித்துவிடுகிறவள். வண்டி வாங்கிய புதிதிலேயே அவர் சார்ஜரைத் திறந்து, உள்ளே ஒரு திருகைத் திருப்பி, எண்பது வந்ததும் நின்றுவிடும்படி செய்துவைத்தார். பச்சை விளக்கும் அப்போதே எரிந்துவிடும். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், எனக்கு முழுசாகத்தான் வேண்டும் என்பாள். பெண்டாட்டிக்குத் தெரியாமல் சிகரெட் பிடிப்பவர்கள் உண்டு; பெண்டாட்டிக்குத் தெரியாமல் பேட்டரியைப் பத்திரப்படுத்தியவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். மீட்டரில் சார்ஜ் எப்போதும் ஒரு கட்டம் குறைவாகவே காட்டுகிறதே என்று அவள் கேட்டபோது, அந்த மீட்டர் அப்படித்தான், கண்டுகொள்ளாதே என்றார்.

வருஷங்கள் போயின. கூடவே வாங்கியவர்கள் எல்லாம் பேட்டரியை மாற்றிவிட்டார்கள். அவள் வண்டியில் இருந்தது மட்டும் அப்படியே இருந்தது. அவ்வப்போது அதைக் கடைக்குக் கொண்டுவந்து, சோதனைக் கருவியில் மாட்டி, நிற்பவர்களுக்கெல்லாம் காட்டுவார். பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கினால்கூட அப்படிப் பூரித்திருக்க மாட்டார்.

மழைக்காலத் தொடக்கத்தில் அவளுக்குப் புதிதாக ஒரு வீடு கிடைத்தது. ஊரின் மறுகோடியில், மேட்டுத் தெருவின் உச்சியில். மற்ற வீடுகளையெல்லாம் சுற்றி முடித்துவிட்டுக் கடைசியாக அங்கே போகவேண்டும். மேட்டில் வண்டி பாதியிலேயே நின்றுவிடுகிறது என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். அவருக்குக் காரணம் அந்த நொடியே தெரிந்தது. எண்பதோடு கிளம்பிய பேட்டரி, நாளெல்லாம் ஓடி அங்கே போய்ச் சேரும்போது அடிமட்டத்தில் கிடக்கும். மேட்டில் இழுக்கச் சொன்னால் படுத்துவிடும். திருகைத் திருப்பிவைப்பது ஒரு நிமிஷ வேலை. ஆனால் இத்தனை வருஷம் கட்டிக்காத்த பெருமையை விட மனம் வரவில்லை.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ஏறி உக்கார்ற ஆளுதான் கொஞ்சம் கனம் கூடிட்டாங்க போல," என்றார் சிரித்துக்கொண்டே.

அவளும் சிரித்தாள். அதன்பிறகு வண்டியைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பது அவருக்கு வசதியாகவும் இருந்தது. ராத்திரியில் அவருக்குப் பரிமாறிவிட்டு, வேலை செய்த வீட்டிலேயே சாப்பிட்டாகிவிட்டது என்பாள். அதையும் நம்பினார்.

ஒரு சாயங்காலம், சரிசெய்த பேட்டரி ஒன்றைக் கொடுப்பதற்காக அவரே மேட்டுத் தெருவுக்குப் போகவேண்டி வந்தது. பாதி மேட்டில், முன்னால் ஒரு பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். நாலு எட்டுத் தள்ளுவாள், பிரேக்கைப் பிடித்தபடி நின்று மூச்சு வாங்குவாள், மறுபடி நாலு எட்டு. யாரோ வயதானவள் பாவம் என்று நினைத்தபடி நெருங்கினார். முதலில் வண்டியைத்தான் அடையாளம் தெரிந்தது. அதற்கப்புறம்தான் அவளை. இந்த வெட்கம் பின்னாளில்கூட அவரை விட்டுப் போகவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தோள் எலும்பு துருத்தும் அளவுக்கு அவள் இளைத்துப்போனது அவர் கண்ணில் படவே இல்லை.

அவரைப் பார்த்ததும், ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவள்போல அவள்தான் திருதிருவென்று விழித்தாள்.

"இன்னும் கொஞ்சம் எளைச்சிட்டா ஏறிடும்ங்க. ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டேன். முன்ன அந்தக் கம்பத்துக்கிட்டயே நின்னுடும். இப்ப இதுவரைக்கும் வருது பாருங்க."

அவர் கைப்பிடியை வாங்கித் தள்ளினார். அவள் வேலை முடித்து வரும்வரை அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கொண்டுபோன பேட்டரி மடியிலேயே இருந்தது. சத்தம் காட்டாமல் சார்ஜரை மாற்றிவிட்டால் என்ன என்று முதலில் தோன்றியது. மாற்றினால் வண்டி ஏறிவிடும். இளைத்ததால்தான் ஏறுகிறது என்று அவள் நம்பிவிடுவாள். அப்புறம் ஆயுசுக்கும் ராத்திரியில் சாப்பிடமாட்டாள்.

வீட்டுக்கு வந்து, சார்ஜரைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்.

"இத நான்தான் எண்பதுல நிறுத்தி வெச்சேன், வாங்கின நாள்லருந்து. நீ அன்னைக்கு சொன்னப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உம்மேல பழியப் போட்டேன்."

அவள் சார்ஜரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப நான் கனமா இல்லையா?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையசைத்தார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. கோபம் மருந்துக்குக்கூட இல்லை. எழுந்துபோய்த் தட்டை எடுத்துவந்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, பசியோடு சாப்பிட ஆரம்பித்தாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டபோது, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பரிமாறினார்.