மைதானத்துக் கூரை

சிட்னிக்கு வந்த புதிதில் எனக்கும் கணவருக்கும் கிடைத்த முதல் வேலை, வென்ட்வேர்த்வில்லுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு சின்ன பேஸ்போல் மைதானத்தைத் துப்புரவாக்குவது. சனிக்கிழமைகளில் உள்ளூர் அணிகள் விளையாடும். ஆட்டக்காரர்களின் மனைவிமாரும் பிள்ளைகளும்தான் பார்க்க வருவார்கள். ஞாயிறு காலையில் நாங்கள் போய் அவர்கள் உட்கார்ந்திருந்த வாங்குகளுக்குக் கீழே கிடக்கும் பியர்க் கான்களைப் பொறுக்குவோம்.

ஒரு கோடையில் ஆலங்கட்டி மழை கொட்டி, பார்வையாளர் பக்கத்துக் கூரையில் போட்டிருந்த சிமெந்துச் சீற்றுத் தகடுகளை நொறுக்கிப் போட்டது. எங்களை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர், "அடுத்த ஆட்டத்துக்கு முன்னம் கூட்டி அள்ளிவிடுங்கள்" என்று போனில் சொன்னார். பெரிய துண்டுகளை வெறுங்கையால் பொறுக்கினோம். மிச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டினோம். வெள்ளைத் தூசி எழும்பியது. கணவர் அடுக்கடுக்காகத் தும்மினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பிறகு எங்களுக்கு வேறு வேலைகள் கிடைத்தன. விளையாட ஆளில்லாமல் மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள்.

போன வருடம் அதை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடைக்குப் போகிற வழியில் பார்க்கப் போனோம். வேலிக்குள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டவர்கள், கூரைச் சீற்றுகளை ஒவ்வொன்றாக நனைத்துப் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வேலிப் படலையில் நின்றவர் எங்களைக் கைகாட்டி மறித்தார்.

"கிட்ட வராதீர்கள். அஸ்பெஸ்டஸ். தூசி மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கூடாது."

இவர் காரில் ஏறியும் ஸ்டார்ட் பண்ணவில்லை.

"ஊரிலையும் உந்தச் சீற் கூரைக்குக் கீழதானே படுத்தனாங்கள்," என்றார்.

"இஞ்ச மாதிரி அங்க உடைஞ்சதைக் கூட்டி அள்ளினனாங்களே?"

அவர் சாவியைத் திருகினார்.

ஒப்பந்தக்காரரின் பழைய நம்பருக்குப் போன் எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு நம்பரே இல்லையாம். நாங்கள் போய்க் காட்டிய தமிழ் டொக்டர் எங்கள் இருவரின் நெஞ்சையும் எக்ஸ்ரே படம் எடுப்பித்தார். "இப்ப ஒன்றும் இல்லை. அந்தத் தூசியால வருத்தம் வாறதெண்டால் கனகாலம் கழிச்சும் வரலாம். வராமலே போகவும் கூடும்," என்றார். வருடா வருடம் வரச் சொன்னார்.

அந்த இடத்தில் இப்போது பிளாட்டுகள் எழும்புகின்றன. இவர் அந்தத் தெருவால் கார் ஓட்டுவதில்லை. தனக்கு இருமல் வந்தால் நான் குசினியில் சமையலை விட்டுவிட்டுக் காதுகொடுத்து நிற்பதை எப்படியோ கவனித்துவிட்டார். இப்போதெல்லாம் இருமுவதற்கென்று பின்கதவைத் திறந்து வெளியே போகிறார்.