காயாத தாளில் எழுபது

தோட்டத்து டிஸ்பென்சரி வேலை என்றால் ஊசி, மருந்து, கட்டு என்று நினைப்பார்கள். அதில் மாட்டிக்கொண்டு முழித்த எங்களுக்குத்தான் தெரியும், பாதி வேலை நோயாளியை நோயாளி இல்லை என்று எழுதுவது.

ஈரத்தாள்

கோதுமை மாவுக்கும் வரிசையில் நின்ற பஞ்சக் காலம். கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் டாக்டரய்யாவுக்கு நான் உதவியாள். ரத்தம் பார்க்க எங்களிடம் இருந்தது ஒரு சின்னப் புத்தகம். உள்ளே மையொற்றும் தாள்கள். கடைசியில் வெளிறலிலிருந்து கடுஞ்சிவப்பு வரை, பத்து முதல் நூறு என்று எண் போட்ட பத்து நிறங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை. விரலைக் குத்திச் சொட்டைத் தாளில் ஒற்றி, ஓட்டைக்கு அடியில் வைத்து, எந்த நிறத்தோடு சேருகிறது என்று பார்க்க வேண்டும். பளபளப்பு போன பிறகே பார் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. ஈர ரத்தம் இல்லாத தெம்பையும் காட்டும்.

ராசம்மா ரப்பர் பால் வெட்டுகிறவள், ஐந்து மாதக் கர்ப்பம். மலையிலிருந்து இறக்கி லேசு வேலையில் போட டாக்டரய்யாவின் துண்டுச் சீட்டு வேண்டும். துண்டுக்கு ரத்த எண் ஐம்பதுக்குக் கீழே வர வேண்டும். டாக்டரய்யா ஒற்றிய கையோடு பார்த்து "எழுபது" என்றார். நான் எழுதினேன். தாள் காயவில்லையே என்று வாய்க்குள் முனகினேன். யாழ்ப்பாணத்துக்காரர், கூர்மையான காது.

"வெயில் ஏறினால் பால் நிண்டிடும். உம்மட தாள் காயுமட்டும் மரம் பார்த்துக்கொண்டு நிக்குமோ, தம்பி?"

கோழிக்கால்

கால் கடுக்கிறது என்று அடுத்த வாரம் ராசம்மா வந்தாள். டாக்டரய்யாவுக்கு அன்று பாடம் நடத்தும் உற்சாகம். ரத்தச் சிவப்பான ஹீமோகுளோபினுக்குத் தசையிலே ஒரு பங்காளி உண்டாம், அதுவும் குளோபின் குடும்பமாம். மூச்சில் வரும் ஒட்சிசனைப் பிடித்து வைத்து, தசை உழைக்கும்போது விடுமாம். நடக்கிற கோழிக்குக் கால் சிவப்பு, பறக்காத நெஞ்சு வெள்ளை, ஆகையால் இறைச்சியும் ஈரலும் நன்றாகச் சாப்பிடு என்றார். அவர் குசினியிலிருந்து கோழிக்குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது. எனக்குக் காது சுட்டது. ராசம்மா மரியாதையாகத்தான் கேட்டாள்.

"நாங்க திங்கிற மரவள்ளிக் கெழங்குல அந்தச் செவப்பு இருக்குங்களா, ஐயா?"

கொடிக்கு வைத்தியம்

ரப்பர் கன்றுகளுக்கு நடுவே மண்ணை மூட ஒரு கொடி போடுவார்கள். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஒருநாள் அதன் வேரைத் தோண்டி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சிவந்திருந்தால் கொடி நலம். அந்தச் சிவப்பும் நம் ரத்தத்தின் உறவுதான். முடிச்சுக்குள் இருக்கும் கிருமிகள் காற்றிலிருந்து உரம் செய்கின்றன. ஒட்சிசன் கூடினால் வேலை கெடும், குறைந்தால் மூச்சு முட்டும். அதை அளந்து கொடுப்பது இந்தச் சிவப்பு. அன்று கிள்ளியதெல்லாம் வெள்ளை. மறுநாளே லொறியில் உரம் வந்தது.

பால் வாளியோடு இறங்கி வந்த ராசம்மா நின்றாள். கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினாள்.

"முடிச்சு வெளுத்தா மூட்டை மூட்டையா வருது. இந்தா, என் கண்ணும் வெளுத்துத்தான் கெடக்கு, பாருங்க கண்டக்டரய்யா."

பளபளப்பு போகட்டும்

எட்டாம் மாதம் ராசம்மா மலையில் விழுந்தாள். பால் கொட்டிய சேலையோடு தூக்கி வந்தார்கள். வயிற்றுப் பிள்ளையின் குளோபின் வேறு வகை. தாயின் ரத்தத்திலிருந்து ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும் வலு அதற்கு உண்டு. ஆனால் இழுப்பதற்குத் தாயிடம் இருக்க வேண்டுமே!

டாக்டரய்யா ஒற்றினார், உடனே தாளைத் தூக்கினார். நான் அதன்மேல் கையை வைத்தேன். "பளபளப்பு போகட்டும், ஐயா." சன்னமாகத்தான் சொன்னேன். என்னை முறைத்தார். நான் கையை எடுக்கவில்லை. ஈரம் வற்ற வற்றச் சிவப்பு இறங்கியது. எழுபதின் ஓட்டையில் சேரவில்லை, அறுபதில் சேரவில்லை. நாற்பதில் போய்ச் சேர்ந்தது. அவர் துண்டு எழுதினார், கேகாலை ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அன்று லொறியில் ஏற்றும்போது அவள் கேட்டது, என் கையெழுத்தில் இருக்கும் அந்தப் பழைய எண்ணை இன்னும் விடவில்லை.

"அப்ப எழுவதுன்னு எழுதுனீங்களே, அது யாரு ரத்தம், தம்பி?"

கொடிக்கும் கோழிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் தனித்தனியாகச் சிவப்பை வகுத்துக் கொடுத்த இயற்கை, ஒரு துண்டுத் தாள் காய்வதற்கான நேரத்தை மட்டும் எங்கள் தோட்டத்துக்குக் கொடுக்க மறந்துவிட்டது போலும்.