தோட்டப்பயிர் என்று எழுதினேன்

ஜெர்மனியில், ஹனோவர் நகரில் காப்புறுதி முகவராக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். படிவம் நிரப்ப வரும் எங்கள் ஆட்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: "அண்ணை, சிகரெட் பிடிக்கிறதை அக்காவுக்கு மறையுங்கோ, நிறுவனத்துக்கு மறைக்காதையுங்கோ." தலையாட்டிவிட்டு, புகைப்பழக்கம் இல்லை என்று போடச் சொல்வார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிடுவேன். பொல்லாத மனுசன் என்று பெயர் வாங்கியது அப்படித்தான்.

என் மகள் இங்கே பிறந்தவள். தோட்டக்கலையில் தொழிற்பயிற்சி முடித்தாள். டாக்டர் வீட்டுச் சம்பந்தமெல்லாம் போச்சு என்று நானும் மனைவியும் கொஞ்சக் காலம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தோம். பழகிவிட்ட நேரத்தில் அடுத்ததைச் சொன்னாள். அரசாங்க அனுமதியோடு உறுப்பினர்களுக்குக் கஞ்சா வளர்த்துக் கொடுக்கும் சங்கம் ஒன்றுக்கு அவள் தலைவியாம். கோயில் சபைக்குத் தலைவியாகியிருந்தால் ஊரெல்லாம் லட்டுக் கொடுத்திருப்பேன். இதற்கு என்ன கொடுப்பது?

சங்கத்தின் கூட்டக் குறிப்புகளைக் காட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, இலக்கம் போட்ட கோப்புகள். எங்கள் கோயில் சபை பார்த்தால் தலை குனியும்.

சங்கம் நடத்த, சட்டப்படி பள்ளிக்கூடமோ விளையாட்டுத்திடலோ அருகில் இல்லாத ஒரு கட்டடத்தைத் தேடி மாதக்கணக்கில் அலைந்து, கடைசியில் ஒன்றைப் பிடித்திருந்தார்கள். சொந்தக்காரர் ஒரு நிபந்தனை போட்டார்: வாடகைக்குப் பிணை நிற்கும் பத்திரம் மாத முடிவுக்குள் வேண்டும், இல்லையென்றால் கட்டடம் அதையே கேட்டு நின்ற ஒரு மேசை கதிரைக் கடைக்காரருக்கு. கேட்ட வங்கிகள் எல்லாம் கஞ்சா என்ற சொல்லைக் கண்டதும் கையை விரித்தன.

"அப்பா, இது உங்கட வேலைதானே. எடுத்துத் தாங்கோ," என்றாள். வளர்ந்த பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்குப் பழக்கமான ஒரு நிறுவனம் அப்படிப் பிணைப்பத்திரம் கொடுக்கும். சிக்கல் என்னவென்றால், அங்கே படிவத்தைப் பார்ப்பவள் எங்கள் கோயில் தலைவரின் மருமகள். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முதலே செய்தி கோயிலுக்குப் போய்விடும் என்று என் புத்தி சொன்னது. சங்கத்தின் 'தொழில்' என்ற கட்டத்தில் 'தோட்டப்பயிர்' என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாளே பத்திரம் வந்தது. மகள் சந்தோசமாக வாசித்துக்கொண்டே போனவள் நின்றுவிட்டாள்.

"தோட்டப்பயிரோ?"

"அதுவும் செடிதானே, பிள்ளை."

அவள் நிறுவனத்துக்குத் தானே போன் எடுத்து உண்மையைச் சொன்னாள். பத்திரம் ரத்து.

அடுத்த நாள் அந்த மருமகள் என்னை அழைத்தாள். "அங்கிள், கஞ்சாச் சங்கங்களுக்கெண்டு எங்களிட்டைத் தனிப் படிவமே இருக்கு. உண்மையை எழுதியிருந்தா அதிலயே குடுத்திருப்பம். இப்ப பொய்த் தகவல் எண்டு பதிஞ்சாச்சு, இனி ஏலாது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "மாமாவுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. வேலையிடத்துக் கதையளை நான் வீட்டை கொண்டுபோறதில்லை," என்றாள்.

ஊருக்குத்தான் உபதேசம். நான் எவளுக்குப் பயந்தேனோ அந்த மருமகள் வாயையே திறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மகளிடம் சொன்னபோது அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "கஞ்சாவெண்டாலும் நிறுவனத்துக்காரர் ஓம் எண்டிருப்பினம், அப்பா. உங்களுக்குத்தான் என்னைப் பற்றிச் சொல்ல ஏலாமப் போச்சு," என்று மட்டும் சொன்னாள்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. கட்டடச் சொந்தக்காரரிடம் நானே போனேன். சொந்த வீடும் நிரந்தர வருமானமும் உள்ள தனி ஆள் பிணை நின்றாலும் சரி என்றார். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். மகள் எதிரே வந்து அமர்ந்தாள். என் பெயர், முகவரி, வருமானம் எல்லாம் எழுதி முடித்து, 'எதற்காகப் பிணை' என்ற கட்டத்துக்கு வந்ததும் என் கை நின்றது.

"மறைக்காதையுங்கோ, அப்பா," என்றாள்.

'என் மகளின் கஞ்சாச் சங்கத்துக்காக' என்று ஜெர்மன் மொழியில், பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.