பெத்லகேமில் கடல் தெரியும் மாடி

1952 நவம்பரில் பெத்லகேமிலிருந்து வந்த ஒரு கடிதத்தின் சில வரிகளை என் நாட்குறிப்பில் படியெடுத்து வைத்திருக்கிறேன்: “அம்மா, இங்கே மழை தொடங்கிவிட்டது. ஒலிவக்காய் பறிப்பு முடிந்தது. வானம் தெளிந்த சாயங்காலங்களில் மடத்து மாடியில் நின்றால் கடல் தெரியும். அப்போது உங்களை எல்லாம் நினைத்துக்கொள்வேன்.”

எழுதியவர் குமரிக் கடலோரத்து இனயம் ஊரின் மீனவர் வீட்டுப் பெண். 1946-இல் கன்னியர் மடம் ஒன்றின் மருந்தகத்தில் பணிபுரியப் பாலஸ்தீனம் போனவர். அவருடைய தாய் தினமும் ஓலைக்கூடையான கடவத்தில் மீன் சுமந்து கருங்கல் சந்தைக்கு வருவார். எனக்கு அங்கே பலசரக்குக் கடை. விற்று முடிந்ததும் என் கடை வாசலில் வெறுங்கடவத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். மகளின் கடிதங்களைப் பங்குச் சாமியார் வாசித்துச் சொல்லிவிடுவார். ஆனாலும் அவர் அவற்றை என்னிடம் கொண்டு வந்ததற்குக் காரணம், கடையில் அரிசி மூட்டைகளுக்கு மேலே நான் வைத்திருந்த பழைய தேசப்படப் புத்தகம்.

1948-இல் அங்கே போர் மூண்டபோது ஒரு வருடத்துக்கு மேல் கடிதம் வரவில்லை. பிறகு வந்தது. ஆனால் தாயின் மனம் காகிதத்தோடு சமாதானம் ஆகவில்லை. “கடிதாசு யாரும் எழுதலாம் பிள்ளே. எனக்க ரெத்தத்துல ஒருத்தன் போயி அவளெ கண்ணால பாத்துட்டு வந்து எனக்கிட்ட சொல்லணும்” என்பார். அந்த ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

என் படப் புத்தகம் போருக்கு முன் அச்சானது. அதில் பாலஸ்தீனம் முழுவதும் ஒரே நிறம். பத்திரிகைகளில் படித்ததைக் கொண்டு 1949 ஏப்ரலில் ஒப்பந்தமான போர்நிறுத்தக் கோட்டைப் பென்சிலால் வரைந்தேன். மறு வருடம் ஏப்ரலில் கோட்டுக்குக் கிழக்கே இருந்த மலைப்பகுதி ஜோர்டானோடு சேர்க்கப்பட்டதையும் ஓரத்தில் குறித்தேன். கோட்டைப் போட்டு முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது: நாப்லஸ், எருசலேமின் பழைய நகரம், பெத்லகேம், எபிரோன் எல்லாம் ஒரு பக்கம், கடற்கரை முழுவதும் மறுபக்கம். அந்த மலைநாட்டுக்கு ஒரு முழம் கரைகூட மிஞ்சவில்லை.

1952-இல் அந்தக் கடிதம் வந்தபோது இதைத் தாயிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

“கடலு தெரியும்னு அவளே எழுதியிருக்காளே. கரையில்லாம கடலு எங்ஙன தெரியும்?”

“கிழக்கே ஒரு கடல் உண்டு அக்கா. மலைக்கு அடிவாரத்தில் கிடக்கும். சாக்கடல். ஒரே உப்பு. அதைத்தான் சொல்லியிருப்பார். அதில் மீன் கிடையாது.”

பக்கத்தில் இருந்த இன்னொரு மீன்காரி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். “ஏட்டி, மீனில்லாத கடலா? ஒனக்க மவளு சன்னியாசம் போனாளா, இல்ல அந்தக் கடலுக்குக் காவலுக்குப் போனாளா?”

“நீ போட்டீ. ஒனக்க கடவத்துல கெடக்க சாளையெ நாலு நாளா நீ காவல் காக்கியே, அதவிடக் கொள்ளாம்” என்றார் தாய்.

அதன்பிறகு தாய் எழுதச் சொல்லும் கடிதங்களின் அடியில் நானும் ஒரு கேள்வி சேர்ப்பது வழக்கமாயிற்று. கரையை இழந்த ஒரு நாடு எதை விற்று எதை வாங்கிப் பிழைக்கிறது என்று அறிய எனக்கு ஆசை. பலசரக்குக்காரனுக்கு வேறு என்ன ஆசை வரும்? கன்னியர் மடத்துச் சகோதரியான அந்த மகள் பொறுமையாகப் பதில் எழுதினார். நமக்குத் தென்னை எப்படியோ அப்படி அங்கே ஒலிவமரம். எண்ணெய் சோற்றுக்கு, அதாவது ரொட்டிக்கு. ஆட்டிய சக்கை அடுப்புக்கு. நாப்லஸில் அந்த எண்ணெயில் சோப்புக் காய்ச்சித் தரையில் ஊற்றி, கட்டிகளாக அறுத்து, காற்றுப் போக இடம் விட்டு ஆளுயரத்துக்கும் மேலே கோபுரம் கோபுரமாக அடுக்கி உலர்த்துகிறார்கள். எபிரோனில் திராட்சை. கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் எரிகோவில் வாழையும் பேரீச்சையும். மலைச் சரிவு முழுவதும் கல்லடுக்கி வரப்புக் கட்டி, பெய்கிற மழையை வீட்டுக்கு வீடு பாறைக்குள் குடைந்த தொட்டியில் பிடித்து வைக்கிறார்கள்.

கோடு போட்டவர்கள் ஊரையும் வயலையும் சேர்த்துப் பார்க்கவில்லை போலும். சில கிராமங்களில் வீடு இந்தப் பக்கம், ஆரஞ்சுத் தோட்டம் அந்தப் பக்கம் என்று ஆகிவிட்டது. அப்படிப்பட்ட ஓர் ஊரைப் பற்றி அவர் எழுதியது: “மரத்தைத் தூரத்திலிருந்து பார்க்கலாம், தொட முடியாது. கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மிச்சமிருந்த கற்காட்டில் கிணறு தோண்டிப் புதிதாகக் கன்று நட்டார்கள்.” இந்த இடத்தை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் பத்து நாள் பிந்தினால் ஊரைக் கூட்டிச் சண்டைபோடுகிற எங்களுக்கு, அந்த மனிதர்கள்மேல் மரியாதை வராமல் எப்படி இருக்கும்?

ஆனால் நான் மிக வியந்தது பெத்லகேமின் தொழிலை. அங்கே வீட்டுக்கு வீடு முத்துச்சிப்பி செதுக்குகிறார்கள். சிலுவை, செபமாலை, பெட்டி. கடலே இல்லாத ஊர் கடல்சிப்பியில் பிழைக்கிறது! கோட்டுக்கு மறுபக்கம் போய்விட்ட யாப்பா துறைமுகத்தில் முன்பு வந்து இறங்கிய சிப்பி, இப்போது பெய்ரூட்டில் இறங்கி, டமாஸ்கஸ், அம்மான் என்று சுற்றி, யோர்தான் ஆற்றைக் கடந்து லாரியில் மலை ஏறுகிறது. தொழில் நின்றுவிடவில்லை.

1954 தொடக்கத்தில் தாயின் மகனிடமிருந்து கடிதம் வந்தது. அவன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். கப்பல் பெய்ரூட் போகிறது, அங்கே சில நாள் நிற்கும், விடுப்புக் கிடைக்கும், அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன், எந்த வழியாகப் போவது என்று கப்பல் இடையில் நிற்கும் ஏடனுக்கு எழுதுங்கள் என்றிருந்தான். அன்று தாய் மீனைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு என்னை இனயத்துக்கு அழைத்துப் போனார்.

தகப்பனார் கரையேற்றிய கட்டுமரத்தின் நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் வழியை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்.

“கரையோடயே போவட்டு. கடலெ வலதுகைப் பக்கம் வச்சு நேரே தெக்கே நடந்தா யாப்பா வரும், பெறவு கெழக்கே ஏறினா பெத்லகேம். நாங்க கொல்லத்துக்குப் போறதும் கடலெ இடதுகைப் பக்கம் வச்சுத்தானே.”

இனயத்தில் யாரிடம் வழி கேட்டாலும் இப்படித்தான். கடல் எந்தக் கைப்பக்கம் என்பதில் தொடங்கும். கரையோடு போனால் எந்த ஊரும் வந்து சேரும் என்பது அவர்கள் பாட்டன் காலத்துத் தெளிவு. அந்தத் தெளிவுதான் இங்கே ஆபத்து. நான் படத்தை மணலில் விரித்து, அந்தக் கரை வழியில் எல்லை அடைபட்டிருப்பதைக் காட்டினேன். அங்கே போய் நின்றால் விடுப்பு முழுவதும் வீண். கடலை விட்டுவிட்டு, கிழக்கே இரண்டு மலைத்தொடரைத் தாண்டி, பிறகு தெற்கே இறங்கி, ஆற்றைக் கடந்து மேற்கே ஏற வேண்டும் என்றேன்.

“கடலுக்கு முதுகு காட்டியா? எனக்க குடும்பத்துல ஒருத்தனும் அப்பிடிப் போனதில்ல, கேட்டீரா.”

தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “நான் தெனமும் கடவத்தையும் தூக்கிட்டு கடலுக்கு முதுகு காட்டித்தான் கருங்கலுக்கு நடக்கேன். நீரு தின்ன சோறு அந்த வழியிலதான் வந்துது!”

 தகப்பனார் ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டுப் படத்தைத் தன் பக்கம் இழுத்துக் குனிந்து பார்த்தார். பிறகு, “இதுல தூரத்துல நின்னாலும் தெரியுத மலை எது?” என்று கேட்டார்.

கரை மறைந்த தூரத்திலும் அவர்கள் மலைகளைக் கொண்டுதான் இடம் அறிவார்கள். ஒரு மலைமுகட்டை ஒரு கோயில் கோபுரத்தோடு ஒட்டிப் பார்த்து, கடலுக்கடியில் பாறை இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். அதற்குக் கணியம் என்று பெயர். நான் எர்மோன் மலையைக் காட்டினேன். பனி மூடி வெள்ளையாகத் தெரியும் என்று படித்ததைச் சொன்னேன்.

“அப்போ எழுதும். வெள்ள மலையெ வலதுகைப் பக்கம் வச்சுப் போவணும். அது மெல்ல முதுகுக்குப் பொறத்தால போவும். பெறவு ஆறு. மலையெ வச்சு கடல்ல போறவனுக்கு, மலையெ வச்சு மலையில போவத் தெரியாதா?”

படத்தில் கோல் வைத்துப் பார்த்தேன். பெய்ரூட்டிலிருந்து டமாஸ்கஸ் போகும்போதும், அங்கிருந்து அம்மானுக்கு இறங்கும்போதும், எர்மோன் வலப்பக்கம்தான் இருந்தது. அப்படியே எழுதினேன். எந்த நாட்டு அனுமதி எங்கே வாங்குவது என்பதைப் பெய்ரூட்டில் கப்பல் ஏஜெண்டிடம் கேட்கும்படியும், கரைவழியை நினைக்கவே வேண்டாம் என்றும் அடியில் சேர்த்தேன்.

பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. தாய் கடை வாசலில் உட்காருவார், கேட்கமாட்டார், தபால்காரர் போகும் திசையை மட்டும் பார்ப்பார். பெத்லகேமிலிருந்து “தம்பி வந்தான்” என்று மூன்று வரிக் கடிதம் வந்தபோதுகூட, “அவன் வந்து சொல்லட்டு” என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

1955-இல் மகன் ஊர் வந்தான். முதலில் என் கடைக்குத்தான் தாய் அவனை இழுத்து வந்தார், படத்தைப் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டுமாம்.

பெய்ரூட் துறைமுகத்தில் பெத்லகேமுக்குச் சிப்பி மூட்டை ஏற்றிய ஒரு லாரியைப் பிடித்திருக்கிறான். “வழி முழுக்க பழஞ்சிப்பிக்க மணம். கடலுக்கு முதுகு காட்டுனேன்னு அப்பா வெசாரப்பட வேண்டாம், கடலு எனக்குப் பின்னால லாரியில ஏறி வந்துது.” வெள்ளை மலை அப்பா சொன்ன கையிலேயே நின்றதாம். எருசலேமிலிருந்து பெத்லகேமுக்கு இருந்த நேர்வழி கோட்டில் அறுபட்டதால், கிழக்கே பள்ளத்தாக்குகளைச் சுற்றிப் புதிதாக வெட்டிய சாலையில் லாரி ஊர்ந்து ஏறியிருக்கிறது. இரவோடு இரவாகத் திரும்ப வேண்டும். கிடைத்தது ஒரு பிற்பகல்.

“அக்கா என்ன கேட்டா?” என்றார் தாய்.

“இப்போ ஊருல என்ன மீன் படுதுன்னு கேட்டா. எனக்கெங்க தெரியும்? நெத்தோலின்னு சும்மா சொல்லி வச்சேன்.”

“மெலிஞ்சிட்டாளா?”

“இல்லம்மா. கையி மட்டும் காச்சுப் போயிருக்கு. சிரிச்சா நம்ம சிரிப்புதான்.”

 தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடவத்தை நிமிர்த்தி எடுத்தார். “செரி. பாத்தாச்சு” என்றார். மகள் தனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டுப் போனதுபோல இருந்தது அந்தக் குரல். எனக்கு மகன் ஒரு நாப்லஸ் சோப்புக் கட்டி கொண்டுவந்திருந்தான். வாசனை ஏதும் சேர்க்காத, வெளுத்த, கல்லைப்போல உலர்ந்த கட்டி. நல்ல சரக்கு. வெகுநாள் அதை விற்பனைப் பலகையிலேயே வைத்து வருகிறவர்களுக்குக் காட்டினேன்.

1956 நவம்பர் முதல் தேதி எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. இனி உறையில் எந்த மாநிலம் என்று எழுதுவது எனச் சகோதரி கேட்டிருந்தார். “இனயம்னு எழுதினா போரும்னு சொல்லும். கரை எங்கயும் போவல்ல” என்று தகப்பனார் சொல்லி அனுப்பினார்.

ஒன்று மட்டும் பாக்கி. மாடியிலிருந்து தெரியும் கடல் கிழக்கே கிடக்கும் சாக்கடல் அல்ல, மேற்கே கோட்டுக்கு அப்பால் உள்ள பெருங்கடலே என்று சகோதரி பின்னர் எழுதினார். அந்தப் பிற்பகல் தம்பியும் மாடியில் நின்று பார்த்திருக்கிறான். சூரியன் விழும் இடத்தில் வெள்ளி நூல்போல ஒரு வரி தெரிந்தது என்கிறான். அன்று மட்டும் அது மேகம்தான் என்பது சகோதரியின் கட்சி. தூரத்தைப் பார்த்தால் அந்த உயரத்திலிருந்து கடல் தெரியத்தான் வேண்டும். ஆனால் பெத்லகேமுக்கு மேற்கே அதைவிட உயர்ந்த ஒரு குன்று இருப்பதாகப் படத்தில் எண் போட்டிருக்கிறது. அது மறைக்குமா என்று தெரியவில்லை. அந்த மாடியில் போய் நின்று பார்த்தால்தான் சொல்ல முடியும்; நான் இன்னும் பார்க்கவில்லை.