கெட்டுப் போன ஒரு சொல்

எங்கள் வீட்டில் தமிழ்ப் படம் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஸ்டுட்கார்ட் புறநகரில் மூன்றாம் மாடி. நீளச் சோபாவில் அம்மாவும் அப்பாவின் அக்காவான மாமியும் இருப்பார்கள். அப்பாவுக்குத் தனிக் கதிரை. எனக்கு நிலம்.

வில்லன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தால் போதும், எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும். அப்பா பால்கனிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவார். மழை பெய்துகொண்டிருந்தாலும் விடுவார். அம்மா என்னைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்லிக் குசினிக்கு அனுப்புவார். வாழ்க்கையில் நான் அதிகம் தண்ணீர் சுமந்தது அந்தப் படங்களால்தான். மாமி மட்டும் இடத்தை விட்டு அசையாமல் முழுவதையும் பார்த்து, கண்ணையும் துடைத்துக்கொண்டு, கடைசியில் தீர்ப்பும் சொல்வார்.

"பாவம், பெட்டை கெட்டுப்போச்சுது."

அம்மா "ஓம்" என்று ஆமோதிப்பார்.

கெட்டுப் போவது என்ற சொல் எனக்குக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்துதான் தெரியும். பால் கெட்டுப் போகும், சொதி கெட்டுப் போகும், கெட்டதைக் கொட்டிவிட வேண்டும். படத்திலும் அதைத்தான் செய்தார்கள். ஒன்றில் அந்தப் பெண் செத்துப் போனாள், அல்லது அதே ஆளுக்குக் கழுத்தை நீட்டினாள். வேறு வழி காட்டிய படமும் யாராவது எடுத்திருப்பார்கள். எங்கள் வீட்டு சோபாவுக்கு அது வந்து சேரவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், படத்தைப் பார்த்து நான் ஒன்றும் பழகவில்லை. படம் பார்த்தவர்களைப் பார்த்துத்தான் பழகினேன்.

பத்தொன்பது வயதில் ஊல்ம் நகரத்தில் தனியாக வீடெடுத்துத் தங்கி, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆவுஸ்பில்டுங் செய்துகொண்டிருந்தேன். கடையில் வேலையும் பாடசாலையில் படிப்பும் சேர்ந்த பயிற்சியை இங்கே எங்கள் ஆட்கள் எல்லோரும் அந்த ஜெர்மன் சொல்லால்தான் சொல்வார்கள். என்னோடு வேலை செய்த, என்னைவிட மிகவும் மூத்த ஒருவன், வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று காரில் ஏற்றினான். வீட்டில் விடவில்லை. இதற்கு மேல் அதை எழுத எனக்கு விருப்பமில்லை. நீட்டி நீட்டிக் காட்டுவதற்குத்தான் படக்காரர்கள் இருக்கிறார்களே.

ஜெர்மன் மொழியில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆலோசனை நிலையத்தில் ஒரு பெண் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பொலிசில் சொன்னேன். அவனுக்குத் தண்டனை கிடைத்தது. இந்த நாட்டைப் பற்றி எனக்கு ஆயிரம் முறைப்பாடுகள் உண்டு, ஆனால் அந்த மொழிக்கு நான் நன்றியுள்ளவள். அதில் நடந்ததைச் சொல்லும்போது எழுவாய் அவன். அவன் செய்தான். தமிழில் எழுவாய் நானாகிவிடுவேன். நான் கெட்டுப் போனேன்.

பத்திரிகைத் தமிழில் வேறு சொற்கள் இருப்பது தெரியும். வானொலியில் செய்தி வாசிப்பவர்கள் நன்றாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பெற்ற தாயிடம் யார் செய்தி வாசிப்பது? எனக்கும் அம்மாவுக்கும் இடையில் இருந்தது சோபாத் தமிழ். அதில் ஒரு சொல்தான் இருந்தது. அதை நான் சொல்லி, அம்மா பழக்க தோஷத்தில் "ஓம்" என்றுவிட்டால் என்ன செய்வேன் என்று பயந்தேன். பொலிசுக்குப் பயப்படாதவள் அந்த ஓமுக்குப் பயந்தேன். அதனால் சொல்லாமலே இருந்தேன். லைப்சிக்கில் வேலை எடுத்துத் தூரப் போனேன். கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம் பகிடி விட்டுக் கடத்தினேன். மகளுக்குத் தலைக்கனம் என்று அம்மா நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும் என்று விட்டேன். ஆனால் அம்மாவிடம் சொல்லாத ஒன்று இருப்பது, ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் உடுப்புக்குள் மாட்டிய முள் போலக் குத்திக்கொண்டே இருந்தது.

போன இலையுதிர் காலத்தில் லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மாவுக்குத் திரையரங்கில் ஒரு தமிழ்ப் படம் பார்க்க ஆசை. எங்கள் ஆட்கள் ஞாயிறு காலையில் ஒரு அரங்கை வாடகைக்கு எடுத்துப் போடுவார்கள். ஜெர்மன் அரங்குகளில் இடைவேளை என்ற ஒன்று கிடையாது. நம்மவர்கள் சொல்லி வைத்து, படத்தைப் பாதியில் நிறுத்தி, விளக்கைப் போட்டு, ரோல்ஸும் தேநீரும் விற்பார்கள். அப்பாவுக்குக் கால் நோவு, வரவில்லை. அம்மாவும் நானும் போனோம்.

இடைவேளைக்குச் சற்று முன் அந்தக் காட்சி வந்தது. வருமென்று தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன். முன்வரிசையில் கதாநாயகனுக்கு விசில் அடித்த பெடியள் சட்டென்று தங்கள் தொலைபேசிகளுக்குள் குனிந்தார்கள். ஒரு தாய் மகளின் கண்களைச் சால்வையால் பொத்தினார். எங்கோ ஒருவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன், என்ன செய்வதென்று தெரியாத சிரிப்பு. நான் வெளியேறும் கதவுக்கு மேல் எரிந்த பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்ல யாரும் இல்லையே என்றிருந்தது.

விளக்குப் போட்டார்கள். பின் வரிசையில் ஒரு ஐயா, வாய் நிறைய ரோல்ஸோடு மனைவிக்குக் கதை சொன்னார்.

"பெட்டை கெட்டுப்போச்சுது. இனித் தமையன்காரன் வந்து வெட்டப் போறான், பாரும்."

மாமியின் அதே வசனம். நான் கதிரையின் பிடியை இறுக்கிக்கொண்டு அம்மாவின் ஓமுக்குக் காத்திருந்தேன். அம்மா முழு உடம்போடு பின்னால் திரும்பினார்.

"அண்ணை, கெட்டது அவனெல்லோ. பெட்டைக்கு என்ன கேடு? அது காயப்பட்டிருக்குது."

"அக்கா, நான் படத்தையெல்லே சொன்னனான்."

"நானும் படத்தைத்தான் சொல்லுறன்."

அவருடைய மனைவி சிரித்துவிட்டார். "அக்கா சொல்லுறது சரிதானே" என்று தன் பெட்டியிலிருந்து ஒரு ரோல்ஸை அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கிக் கடித்து, உறைப்புக் காணாது என்று அதற்கும் ஒரு தீர்ப்புச் சொன்னார். அந்த அண்ணை முகம் சிவந்து தேநீருக்குப் போனார். பாவம், அவர் அன்று வாயைத் திறந்திராவிட்டால் நான் இன்றைக்கும் வாய் திறந்திருக்க மாட்டேன். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

"அம்மா, முந்தி மாமி சொல்லேக்க நீங்களும் ஓம் எண்டு சொல்லுறனீங்கள்" என்றேன்.

"ஓம், சொன்னனான்" என்றார் அம்மா. மறைக்கவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பிறகு, தான் ஓய்வு பெறும் வரை வேலை செய்த முதியோர் இல்லத்தில் இருந்த ஒரு ஜெர்மன் பாட்டியைப் பற்றிச் சொன்னார்.

"டிவியில ஆரும் பொம்பிளையைப் பிடிச்சு இழுத்தால் மனிசி நடுங்கத் தொடங்கும். இருந்த இடத்திலயே சலம் போயிடும். நான் ஓடிப் போய் டிவியை நிப்பாட்டிப்போட்டு, உடுப்பு மாத்தி விடுவன். பிறகுதான் எனக்குச் சொன்னவை, இரண்டாம் உலகச் சண்டை முடியிற நேரம் ஆமிக்காரர் செய்த வேலை எண்டு. அப்ப மனிசி சின்னப் பெட்டையாம்."

அம்மா ரோல்ஸை முடித்துக் கையைத் துடைத்தார்.

"பிறகு அந்த மனிசி ரீச்சரா இருந்தது, பிள்ளையள் பெத்தது, பேரப்பிள்ளையளைக் கண்டது. கடைசி மட்டும் உதட்டுக்குச் சாயம் பூசாமல் சாப்பிட வராது. அதைப் போய்க் கெட்டுப்போன மனிசி எண்டு ஆர் சொல்லுறது? காயம்தான் மாறேல்லை. அதுக்குப் பிறகு எனக்கு அந்தச் சொல் வாயில வாறேல்லை."

அந்தப் பாட்டியை நான் கண்டதில்லை. பெயரும் தெரியாது. உதட்டுச் சாயம் பூசிய யாரோ ஒருவர், தனக்குத் தெரியாமலே, என் அம்மாவுக்கு ஒரு சொல்லை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு நான் எங்கே போய் நன்றி சொல்வேன்? அதனால் இங்கே சொல்கிறேன்.

படத்தின் மிச்சத்தை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. தமையன் வெட்டினான், அரங்கு கைதட்டியது, பின்னால் அண்ணையும் தட்டினார். அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று படம் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

திரும்பி வரும் ரயிலில் எதிரெதிராக இருந்தோம். பெட்டியில் அதிகம் ஆட்கள் இல்லை. நான் ஜன்னலைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தே சொன்னேன்.

"அம்மா, எனக்கும் காயம் பட்டது. ஊல்மில இருக்கேக்க."

அம்மா முதலில் என் கைகளைப் பார்த்தார். தழும்பைத் தேடினாரோ என்னவோ. பிறகு முகத்தைப் பார்த்தார்.

"ஆர்?"

"வேலையில ஒருத்தன். பொலிசில சொன்னனான். அவனுக்குத் தண்டனை குடுத்தவை."

தலையை ஆட்டினார். எழுந்து என் பக்கத்தில் வந்து இருந்தார். அவருடைய கோட்டில் ரோல்ஸ் வாசம் அடித்தது.

"அண்டைக்கு நான் எங்க நிண்டனான்?"

"வேலையில நிண்டனீங்கள். முடிச்சுப்போட்டு எனக்கு ஃபோன் எடுத்தனீங்கள். சாப்பிட்டியோ எண்டு கேட்டனீங்கள்."

"நீ என்ன சொன்னனீ?"

"சாப்பிட்டிட்டன் எண்டு சொன்னனான்."

அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடினார். அவருடைய வாய் கோணியது. அழுதுகொண்டே கேட்டார்.

"சாப்பிடேல்லை, என்ன?"

"இல்லையம்மா" என்றேன்.